மூடாக்குக்கு அடியில் இருந்த ஈரம்

பருத்தியைச் செடியாக நான் முதன்முதலில் பார்த்தது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். அதற்கு முன்பு எனக்குத் தெரிந்த பருத்தியெல்லாம் நூல். மதுரையில் மகால் பக்கத்துச் சந்து ஒன்றில், வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வாசல்படி தாண்டினால் தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பம் எங்களுடையது. சாயம் தோய்த்த நூல் சந்து நெடுகக் காய்ந்துகொண்டிருக்கும். அதற்கடியில் குனிந்து குனிந்துதான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். விவசாயக் கல்லூரியில் சேர்ந்தது மண்மேல் இருந்த ஆசையால் அல்ல. மருத்துவத்துக்கு மார்க் போதவில்லை, பொறியியலுக்கு அப்பாவின் வசதி போதவில்லை, மிச்சம் இருந்தது அதுதான். "ஒரு துளசி வைக்கவே நமக்கு இடமில்லை, இவன் வெள்ளாமை படிக்கப் போகிறானாம்" என்று பெரியப்பா எங்கள் பாஷையில் சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்காரருக்காகத் தமிழிலும் ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு என்றால் எனக்கு ஆகாது. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் வாரக்கணக்கில் அதையே அசைபோடுவேன். "ஏர எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா மாப்ள?" என்று விடுதியில் கேட்டவனோடு படிப்பு முடியும்வரை பேசவில்லை. இந்தக் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிடக் கூடாது என்பதில் எனக்கிருந்த அக்கறைதான் பின்னால் இன்னொருவர் தலையில் விடிந்தது.

படிப்பு முடிந்ததும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. 'பருவநிலை மாற்றம்' என்ற சொல் அப்போதுதான் எங்கள் பக்கத்துக் காகிதங்களில் ஏறியிருந்தது. திட்டத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. ஆனால் காரியம் சின்னது. மழையை மட்டுமே நம்பி விளைகிற மானாவாரிக் காட்டில், பயிர் வரிசைகளுக்கு நடுவே சோளத்தட்டையையும் சருகையும் பரப்பி மண்ணை மூடிவைக்க வேண்டும். மூடாக்கு என்று அதற்குப் பெயர். மழை முறை தப்பிப் பெய்கிற காலத்தில், இரண்டு மழைக்கு நடுவே வெயில் நீண்டுபோனாலும் மண்ணின் ஈரம் ஓடிவிடாமல் இருக்குமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. காட்டைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியில் மூடாக்குப் போடுவோம், மறுபாதியை ஊர் வழக்கப்படியே விட்டுவிடுவோம். இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்வது என் வேலை. இரண்டுக்கும் வானம் தருவதைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாகப் போகக்கூடாது.

பேரையூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு கரிசல் ஊரை எனக்கு ஒதுக்கினார்கள். அங்கே யாரும் காடு தரச் சம்மதிக்கவில்லை. சோளத்தட்டை மாட்டுத் தீவனம். கோடையில் மாடு உயிரோடு இருக்கிறதென்றால் அது வீட்டுக்குப் பக்கத்தில் படப்பாகப் போட்டுவைத்த அந்தத் தட்டையால்தான். அதை எடுத்து மண்ணில் பரப்பு என்று வேட்டி கட்டக்கூடத் தெரியாத ஒருவன் வந்து சொன்னால் யார் கேட்பார்கள்? கடைசியில் ஒருவர் ஒத்துக்கொண்டார். ஐம்பதை நெருங்கிய மனிதர். ஒரு ஜோடி மாடு, ஒரு காடு, காட்டின் தாழ்ந்த மூலையில் ஒரு கிணறு, அவ்வளவுதான் அவர் ஆஸ்தி. "புதுசா ஒண்ணு வந்தா ஊருல எவனாச்சும் ஒருத்தன் ஏமாறத்தான வேணும். நான் ஏமாந்துட்டுப் போறேன், விடுங்கப்பா" என்று மந்தையில் வைத்துச் சொன்னார். ஊர் சிரித்தது. அவர் தானும் சேர்ந்து சிரித்தார். அப்படிச் சிரிக்கத் தெரிந்தவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அவருடைய மனைவிக்குத்தான் மனம் ஆறவில்லை. "மாட்டு வாயில போறத மண்ணு வாயில போடச் சொல்றீங்களே தம்பி, அது அசையா போடும்?" என்று கேட்டார். நான் ஈரப்பதம், ஆவியாதல் என்று பாடம் நடத்தினேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "சரி, உங்க அண்ணன் வாக்குக் குடுத்துட்டாரு" என்று தட்டையை அவரே அள்ளிக்கொண்டு வந்து போட்டார். அவரை அக்கா என்றும் அந்த மனிதரை அண்ணன் என்றும் கூப்பிடப் பழகியிருந்தேன்.

விதைப்பு அன்றைக்கு ஒரு சங்கதி நடந்தது. அண்ணன் வரப்பில் சூடம் கொளுத்தி, என்னைக் கிழக்குப் பார்த்து நிற்கச் சொல்லி, ஒரு கைப்பிடிப் பருத்தி விதையை என் உள்ளங்கையில் வைத்தார். "மொத விதை நீங்க போடுங்க தம்பி. உங்க கைராசி எப்படின்னு ஊரு பாக்கட்டும்." வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்களும் அதையே சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் அது சாதாரணப் பேச்சில்லை என்று எனக்குத் தெரியாது. ஒருவன் கை வைத்த பயிர் காய்ந்துபோனால், அவனுக்குக் கைராசி இல்லை என்று ஆகிவிடும். அதற்கப்புறம் எந்தக் காட்டிலும் அவனை விதை தொடவிட மாட்டார்கள், நல்லது கெட்டதில்கூட முன்னால் கூப்பிட மாட்டார்கள். நான் அதையெல்லாம் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிட்டு, புகைப்படத்துக்கு நிற்கிறவன் மாதிரி சிரித்துக்கொண்டே விதையைப் போட்டேன்.

ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தது. செடி முளைத்து மளமளவென்று வந்தது. அதோடு சரி. கார்த்திகை பொய்த்தது, மார்கழியில் பனிதான் பெய்தது. வாரம் ஒருமுறை மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போவேன். போகும்போதெல்லாம் இரண்டு பாதியும் ஒன்றுபோலத் தலை தொங்கி நிற்கும். மூடாக்குப் போட்ட பாதி கொஞ்சம் தாமதமாகத் தொங்கியது என்று வேண்டுமானால் சொல்லலாம். அப்படி ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் கேட்டார்.

"இது காஞ்சு போச்சுன்னா உங்களுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாகளே, தம்பி?"

"என்ன சொல்லுவாங்க அண்ணே, வீட்டுக்குப் போடான்னு சொல்லுவாங்க. போயித் தறிக்குழிக்குள்ள எறங்க வேண்டியதுதான்."

நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். சோதனை தோற்றாலும் அது ஒரு முடிவுதான், அதற்காக யாரையும் அனுப்ப மாட்டார்கள். வடையைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டு மறந்தும் போனேன். அவர் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நான் போனபோதெல்லாம் மூடாக்குப் பாதி பச்சையாக நின்றது. மறுபாதி சருகாகிக்கொண்டு வந்தது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. உட்கார்ந்து தட்டையை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டேன். ஈரம்! விரலில் ஒட்டிய கரிசலை அண்ணனிடம் நீட்டிக் காட்டினேன். "பாத்தீங்களா அண்ணே, வெளிய இம்புட்டு வெயிலு, உள்ள எப்படி இருக்கு பாத்தீங்களா?" அவர் அந்த மண்ணை எங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "ஆமா தம்பி, நல்லாத்தேன் இருக்கு" என்றார். அவர் முகத்தில் இருந்ததை நான் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டேன். படித்தவனுக்கே உரிய திமிர் அது.

அலுவலகத்தில் சொன்னேன். அவர்கள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், என் தோளைத் தட்டினார்கள். என்னுடைய பெரிய அதிகாரி, பொதுவாக யாரையும் பாராட்டாதவர், காரில் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். தை பிறந்ததும் அந்தக் காட்டிலேயே வயல்விழா நடத்துவது என்று முடிவானது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து விவசாயிகளை வேனில் கூட்டிவந்து இரண்டு பாதியையும் காட்ட வேண்டும், அடுத்த வருடம் அவர்களும் மூடாக்குப் போட வேண்டும். ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "தட்டையாவது கிட்டையாவது, சாரு கைராசிய்யா அது" என்றார்கள். அப்படிச் சொல்கிறவர்களை நான் செல்லமாகக் கண்டித்தேன். உள்ளுக்குள் அதுவும் இனிக்கத்தான் செய்தது.

வயல்விழா அன்று காலையில் எல்லோருக்கும் முன்பாகவே போய்விட்டேன். பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தார்கள். அண்ணன் முடிவெட்டி, புது வேட்டி கட்டி, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். வருகிறவர்களுக்குத் தன் வீட்டிலேயே சாப்பாடு என்று அவராகவே சொல்லி, கிடாய் அடித்திருந்தார். அவருடைய சொந்தக்காரர்களெல்லாம் வந்திருந்தார்கள். முகம் கழுவலாம் என்று கிணற்றடிக்குப் போனேன்.

கிணற்றை ஒட்டி அக்கா எப்போதும் ஒரு மிளகாய்ப் பாத்தி போட்டிருப்பார். முழுக்க முழுக்க அவர் பாடு, அவர் உரிமை. அண்ணன்கூட அதில் ஒரு காய் பறிக்கக் கேட்டுவிட்டுத்தான் பறிப்பார். அந்தப் பாத்தி முழுதும் கருகிக் கிடந்தது. குச்சி குச்சியாக நின்ற செடிகளைப் பார்த்துவிட்டு, தண்ணீர் மொண்டுகொண்டிருந்த அக்காவிடம், "என்னக்கா இது, இலைப்பேன் விழுந்துருச்சா? ஏங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மருந்து சொல்லியிருப்பேன்ல" என்று ஆரம்பித்தேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"இலைப்பேனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இந்தக் கெணத்துல ஊறுற தண்ணி ஒரு பாத்திக்குத்தேன் காணும். அம்புட்டும் உங்க பருத்திக்குப் போயிருச்சு. எங்கேருந்து மொளகாய்க்கு ஊத்த?"

எனக்கு விளங்கவில்லை. விளங்க நான் விடவில்லை என்பதுதான் சரி. "எந்தப் பருத்திக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"வேற எதுக்கு? அந்தா, தட்ட போட்டு வச்சிருக்கீகளே, அதுக்குத்தேன். விடியங்காட்டி எந்திரிச்சு அவரு ரெண்டு கொடம் தோள்ல, நான் ஒரு கொடம் இடுப்புல. காஞ்சா தறிக்குழிக்குப் போகணும்னு டீக்கடையில சொன்னீகளாம்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோத்துல கை வைக்கல மனுசன். 'நம்ம காட்டுல கை வச்ச பிள்ளைக்குக் கைராசி இல்லைன்னு ஊரு சொல்லிரக் கூடாது'ன்னு ஒரே பொலம்பல். உங்க மூஞ்சி வாடக் கூடாதுன்னு எம் மொளகாய வாட விட்டாரு." சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. "அவருகிட்டக் கேட்டுறாதீங்க தம்பி. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னையக் கொன்னுபோடுவாரு."

முகம் கழுவ வந்ததே மறந்துபோய் நின்றேன். அந்த ஈரத்தை விரலில் எடுத்து அவரிடமே காட்டிப் பெருமை அடித்தேனே, அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. அவர் ஊற்றிய தண்ணீரை அவருக்கே காட்டி, பாத்தீங்களா பாத்தீங்களா என்று குதித்திருக்கிறேன். 

வேன்கள் வந்துவிட்டன. பந்தல் நிறைந்தது. அதிகாரி பேசினார், வேறு யாரோ பேசினார்கள், ஒன்றும் என் காதில் விழவில்லை. பிறகு கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். பக்கத்து ஊர்க்காரர், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். "கண்ணால பாத்தாச்சு சார். இனி என்ன சந்தேகம்? இந்த வருசம் கெடக்கிற தட்டைய மாட்டுக்கு வைக்காம காட்டுக்கே ஒதுக்கிறலாம்ல? கோடையில மாட்ட வேணா வித்துட்டு, பெறகு பாத்துக்கிறோம்." நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. அதிகாரி சிரித்தபடி மைக்கை என் பக்கம் நகர்த்தினார்.

பேசாமல் இருந்திருந்தால் அந்த ஊர்களில் மாடு கைமாறியிருக்கும். தண்ணீர் ஊற்றாத மூடாக்கு அந்த வருட வெயிலுக்குத் தாங்கியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அதனால் சொல்லத்தான் வேண்டும். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. நான் வெட்கப்படுவது சொன்னதற்காக அல்ல, சொன்ன விதத்துக்காக.

"இந்தச் செடி மூடாக்கால மட்டும் நிக்கல. காட்டுக்காரர் கிணத்துலேருந்து தண்ணி ஊத்தியிருக்காரு." இதோடு நிறுத்தியிருக்கலாம். மாட்டை விற்கலாம் என்றவருக்கு வேண்டிய பதில் அவ்வளவுதான். பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, எவனோ ஒருவன் கனைத்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றியது. உடனே மைக்கை இழுத்துப் பிடித்துச் சொன்னேன். "எனக்குத் தெரியாம ஊத்தியிருக்காரு."

சிரிப்பு அந்த நிமிடமே என்னை விட்டு அவர் பக்கம் திரும்பியது.

அதிகாரி அவரைப் பார்த்து, "ஏன்யா, ஊத்துனீரா?" என்று கேட்டார். பந்தலின் ஓரத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "ஊத்துனேன்யா" என்றார். ஏன் என்று அதிகாரி கேட்டதும், என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். "தம்பிக்குக் கைராசி இல்லைன்னு ஆயிரக் கூடாதுல்லய்யா" என்றார். பந்தலே வெடித்துச் சிரித்தது. மந்தையில் தானும் சேர்ந்து சிரித்த அந்த மனிதர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. யாராவது உட்காரச் சொல்வார்கள் என்று காத்திருந்ததுபோல அப்படியே நின்றார். சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

சாப்பாடு நடந்தது. அவர் வீட்டு விருந்து, அவரே பரிமாறினார். குழம்பு வாளியோடு அவர் பந்தியில் வரும்போது ஒரு குரல், "சாருக்குத் தெரியாம ஊத்துப்பா!" என்றது. வரிசை முழுக்கச் சிரிப்பு. சாப்பாடு முடிவதற்குள் அது பந்திக்குப் பந்தி தாவிவிட்டது. ரசத்தையும் தெரியாம ஊத்து, மோரையும் தெரியாம ஊத்து. என் இலைக்கு வந்தபோது அவர் கறியாகப் பார்த்து அள்ளி வைத்தார். மற்றவர்களுக்கு வைத்ததைவிடக் கூடுதலாகவே வைத்தார். அதைத் தொடாமலே இலையை மூடிவிட்டு எழுந்தேன். சமையல்கட்டு வாசலில் அக்கா நின்றிருந்தார். கேட்டுவிடாதே என்று சொன்னவர். நான் கேட்கவில்லைதான், ஊருக்கே சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது காரில் அதிகாரி, "உன்னோட நேர்மை எனக்குப் பிடிச்சிருக்குப்பா. மத்தவனா இருந்தா மறைச்சிருப்பான்" என்றார். திட்டம் முடிந்து மற்றவர்களை அனுப்பியபோது என்னை மட்டும் வைத்துக்கொண்டார். வேலை நிரந்தரமானதற்கு அந்த ஒரு நாள்தான் காரணம் என்று அவரே பின்னால் பலரிடம் சொன்னார். மூடாக்குச் சோதனையை வேலி போட்ட பண்ணைக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல முறைதான் அது, பிற்பாடு பல காடுகளில் பலனும் தந்தது. அந்த ஊருக்கு மட்டும் நான் போகவில்லை. பொங்கலுக்குப் போகலாம் என்பேன், பொங்கல் போகும். ஆடிக்கு என்பேன். போய் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டால் அவர் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி' என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

சில வருடங்கள் கழித்து மாட்டுத்தாவணியில் ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "ஏ சொட்டுநீரு! பஸ்ஸு கெளம்புதுய்யா, ஓடியா!" என்று எனக்குப் பின்னால் ஒருவர் கத்தினார். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது, குழாய் விற்கிறவரை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினேன். "வாரேன், வாரேன்" என்றபடி, கையில் ஒரு பையோடு வந்துகொண்டிருந்தவர் அண்ணன்.

ஒளிய இடமில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டார். பையைக் கீழே போட்டுவிட்டு வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முடி நரைத்து, ஆள் இன்னும் மெலிந்திருந்தார். வீட்டில் சௌக்கியமா, குழந்தை இருக்கா என்றெல்லாம் கேட்கவில்லை. "வேல நெலச்சிருச்சா தம்பி?" என்றார்.

"நெலச்சிருச்சு அண்ணே."

"அது போதும்" என்றார். முகம் மலர்ந்தே சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கத்திக் கூப்பிட்ட ஊர்க்காரர் பக்கத்தில் வந்து, "யாருய்யா இது?" என்றார்.

"தெரியலையா? எனக்குப் பேரு வச்ச சாரு இவருதேன்!"

மறைத்துவைத்த குத்தல் ஏதாவது அந்தக் குரலில் இருக்குமா என்று தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். இல்லை. இருவரும் சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்கள். படியில் நின்றபடி அந்த ஊர்க்காரர் எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். நானும் பதில் வணக்கம் வைத்தேன்.